காணாத ஒளி

ஆய்வுப் பணியின் மதிப்பை உடனடிப் பயனால் அளப்பது முறையன்று. ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் நிறுவிய வைணு பாப்பு, 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்க முனைந்தார். அதன் ஆடியைத் தேய்த்து மெருகேற்றப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. வளைவில் ஒளியலையின் சிறு கூறளவு பிழை நேர்ந்தாலும் விண்மீனின் உரு சிதைந்துவிடும். பணி முடியுமுன், 1982இல் அவர் மறைந்தார். 1986இல் அத்தொலைநோக்கி அவர் பெயரையே ஏற்றது. 1988இல் அதே காவலூரில், வேறொரு சிறிய தொலைநோக்கியின் வழியே ஒரு சிறுகோள் கண்டறியப்பட்டது. அது கணிதமேதை இராமானுஜனின் பெயர் தாங்கிக் கதிரவனைச் சுற்றிவருகிறது. ஒருவர் இட்ட அடித்தளத்தின்மீதே மற்றவரின் கண்டுபிடிப்பு எழுகிறது. தாம் காணாத ஒளிக்காக உழைக்கும் பொறுமையை இளைஞர் கைக்கொள்ள வேண்டும்; அப்பொறுமைக்குச் சமூகமும் துணைநிற்க வேண்டும்.