கொண்டி போட்ட ஒரு ரூம்

கன்னியாகுமரியில் கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற மாதிரி ஒரு படுக்கை கிடைத்துவிடும். கடலைப் பார்த்த ஏசி ரூமும் உண்டு, விவேகானந்தபுரத்தில் கேந்திரம் நடத்தும் டார்மிட்டரியும் உண்டு. ஆனால் அதே மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை, கோதையாறு என்று போனாலோ, பூதப்பாண்டி தாண்டி கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போனாலோ கதையே வேறு. கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

"அங்கெல்லாம் ராத்திரி தங்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. புராஜெக்ட்டுக்குப் போகும் மாணவர்கள், பறவை பார்ப்பவர்கள், ரப்பர் வியாபாரத்துக்கு வருபவர்கள், காணி குடியிருப்புகளுக்கு வேலையாகப் போகிறவர்கள்... இவர்களுக்கு ரிசார்ட் வேண்டாம். ஒரு பாய், ஒரு வாளித் தண்ணீர், உள்ளே இருந்து கொண்டி போடக்கூடிய கதவு, சுத்தமான கக்கூஸ். இவ்வளவுதான்.

இதைத் தனியார் ஏன் கட்டுவதில்லை? கணக்கு எளிது. கன்னியாகுமரியில் சபரிமலை சீசன், பள்ளி லீவு என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். மலையோரத்தில் சனி, ஞாயிறு மட்டும் ஆள். கட்டிடத்துக்கு வாங்கிய கடனுக்கோ ஏழு நாளும் வட்டி ஓடும். அதனால் கட்டுபவர் பெரிய ரிசார்ட்டாகக் கட்டி வாடகையை ஏற்றுகிறார். வரியும் கொஞ்ச காலம் சேர்ந்து இடித்தது. நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18-இல் போய் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள வீட்டுக்காரர் பொதுவாகப் பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆக, இதைச் செய்யத் தோதான ஆள் ரிசார்ட் முதலாளி இல்லை, வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடக்கும் உள்ளூர்க்காரர். புதுக் கட்டிடம் இல்லை, கடனும் இல்லை.

திருவிதாங்கூர் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. வழியம்பலம், சுமைதாங்கிக் கல், ஊட்டுப்புரை. பத்மநாபபுரம் அரண்மனை ஊட்டுப்புரையைப் பார்த்தவர்களுக்கு அதன் நீளம் தெரியும். ஆனால் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே பந்தி பிராமணர்களுக்குத்தான். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1926-இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. தெருவில் நடக்கவே விடாதவனுக்கு அம்பலத்தில் என்ன இடம்?

ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற வாத்தியார் 1909-இல் பிள்ளைகளோடு நடைப்பயணம் போனபோது மழையில் மாட்டி, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பித் தூங்கினார். லீவில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை இப்படிப் பயன்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதுதான் யூத் ஹாஸ்டலின் தொடக்கம். முதலில் அவருக்குத் தேவைப்பட்டது புதுக் கட்டிடம் அல்ல, பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தின் சாவி.

இங்கேயும் சாவி யாரிடமோ இருக்கத்தான் செய்கிறது. அரசுத் துறைகளின் பயணியர் மாளிகைகளில் அதிகாரிகள் வராத நாளில் ஒரு ரூமையாவது சாதாரண ஆளுக்குக் கொடுக்கலாம். சரணாலயத்துக்குள் வேண்டாம், யானைக்கும் நிம்மதி வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற அடிவார ஊர்களில் போதும். வீடுகளில் ரூம் கொடுக்க மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்வந்தால் இன்னும் நல்லது.

குறைந்த வாடகை என்றால் எதையும் குறைக்கலாம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. மெத்தை, டிவி, வெந்நீர் எல்லாம் இல்லாமல் போகட்டும். தனியாக ஒரு பெண் வந்து நின்றால் "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல், அடையாள அட்டையைப் பார்த்து சாவி கொடுக்க வேண்டும். கக்கூஸ் வெளியே இருக்கிறதா, இருக்கட்டும். ரூமுக்கும் அதற்கும் நடுவில் விடிய விடிய ஒரு பல்பு எரிய வேண்டும்.