ஒரு ஸ்பூன் பிராந்திதானே என்கிறீர்களா?

"சளிதானே? வெந்நீர்ல ஒரு ஸ்பூன் பிராந்தி விட்டுக் குடிம்மா, ஒண்ணும் ஆகாது!" முடிச்சூர் பக்கம் சில வீடுகளில் இன்றும் காதில் விழும் வைத்தியம் இது. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால், கேட்கிற மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தால்?

கரு உருவாகி சுமார் 22-ஆம் நாளிலேயே குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எட்டு வாரத்துக்குள் நான்கு அறைகளும் பிரிந்துவிடும். நீங்கள் டாக்டரிடம் போவதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது!

காடை முட்டையிலும் சுண்டெலியிலும் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். கருவின் ஆரம்ப நாட்களில் ஒருமுறை அதிக ஆல்கஹால் பட்டதுமே, இதயத் தடுப்புச் சுவரில் ஓட்டை விழுவதைப் பார்த்தார்கள்.

"எலியும் மனுஷியும் ஒண்ணா?" என்பீர்கள். நியாயம்தான். அங்கே கொடுத்த அளவும் ஒரு ஸ்பூனைவிட மிக அதிகம். ஆனால், மிதமிஞ்சிக் குடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கு முகத்திலும் இதயத்திலும் குறை இருந்ததை, அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர்கள் 1973-லேயே எழுதிவிட்டார்கள். 'இதுவரை குடிக்கலாம்' என்று கர்ப்பிணிக்கு யாராலும் அளவு சொல்ல முடியவில்லை. தெரியாத அளவை நம் வீட்டுப் பிள்ளையிடமா சோதித்துப் பார்ப்பது?

ஆகவே, இந்தப் பேச்சைப் பிரசவ வார்டில் அல்ல, கல்யாணப் பேச்சோடு ஆரம்பியுங்கள். அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் உண்டு; லேபிளைப் படியுங்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டீர்களா? பயப்படாமல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சளிக்கு வெந்நீர் ஆவி போதாதா, மாமியார்களே?