வெட்டியது யார்?

ஆதிச் சபையார் வேதத்தில் ஓர் எழுத்தைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று அடித்துப் பேசுகிறவர்கள் 2-ஆம் நூற்றாண்டு ஜஸ்டினைப் படித்ததில்லை போலும். திரிபோ என்ற யூதரோடு வாதிடுவதாக அவர் எழுதிய நூலில் ஒரு குற்றச்சாட்டு: 96-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் 'மரத்திலிருந்து' அரசாளுவதாக இருந்ததாம், சிலுவையைச் சுட்டும் அந்தச் சொல்லை யூதர்கள் வெட்டிவிட்டார்களாம்.

கிடைத்திருக்கும் எபிரேயப் பிரதிகளில் அந்தச் சொல் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பின் பெரிய பழம்பிரதிகளிலும் இல்லை. சேர்த்தது கிறிஸ்தவக் கைதான். ஜஸ்டினைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன் (விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்). தம்மிடம் இருந்த பிரதியை நம்பினார். தெர்த்துல்லியனும் அதையே எடுத்தாண்டார். பிறகு இலத்தீன் சிலுவைப் பாட்டு ஒன்றிலும் அது ஏறிவிட்டது.

நம்மவர் சேர்த்ததை நம்மவர் பாடிக்கொண்டிருந்தோம். வேதத்தைத் திருத்தியவர்கள் என்ற பெயர் மட்டும் யூதருக்கு.