பழைய பாட்டரி போகும் வழி

வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி ஓய்ந்துவிடுகிறது. கடைக்காரர் புதிது வைக்கிறார். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் ஒரு தொகை கழிக்கிறார். தாராள மனசா? இல்லை. உள்ளே இருப்பது காரீயம்! பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) காரீயத்தை உருக்கிப் புதுப் பாட்டரி செய்யலாம். அது பழசானால் மறுபடியும் உருக்கலாம். தரம் குறையாது.

திரும்பும் லாரி

விற்ற கம்பெனியே பழைய பாட்டரியைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று 2001-ல் மத்திய அரசு விதி செய்தது. முதல் ஆண்டு நூற்றுக்கு 50, அடுத்த ஆண்டு 65, மூன்றாம் ஆண்டு முதல் 75.

சொல்வது சுலபம். புதுச் சரக்கு எவ்வளவு என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. பழையது எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை வரும்? சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் எத்தனை விற்றது என்று பார்த்து, உத்தேசமாகத்தான் கணக்குப் போடவேண்டும். புதுச் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரியில் பழையதை ஏற்றினால் வாடகை மிச்சம்.

கள்ள உலை

இந்தக் கணக்கைக் கெடுப்பவர் கள்ள உலைக்காரர். அவரால் பழைய பாட்டரிக்கு அதிக விலை கொடுக்க முடிகிறது. எப்படி?

அனுமதி பெற்ற ஆலையில் இயந்திரம் பாட்டரியை உடைக்கிறது. கந்தகத் திராவகத்தின் வீரியத்தை முறிக்கிறார்கள். உடைத்த துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் மிதக்கும். காரீயம் அடியில் தங்கும். உலைப் புகையை வடிகட்டித்தான் வெளியே விடவேண்டும். எல்லாம் செலவு!

கள்ள உலையில் ஒரு கோடரி போதும். திராவகம் மண்ணுக்கு. புகை ஊருக்கு. அந்தச் செலவை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கர். அதையடுத்த ஓர் ஊரில் பழைய பாட்டரிகளின் காரீயம் மண்ணில் கலந்திருந்தது. அந்த மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்து விற்றார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் மாண்டனர்!

சாவு வராவிட்டாலும் தப்பில்லை. காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கும், படிப்பு ஏறாது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில் கவலைப்படும் அளவு காரீயம் இருப்பதாக ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2020-ல் சொன்னது. முறையில்லாமல் பாட்டரி உடைப்பதை அது முக்கிய காரணமாகக் காட்டியது.

சான்றிதழ் போதுமா?

2022-ல் புது விதி வந்தது. பதிவு பெற்ற ஆலை இத்தனை எடை மீட்டது என்று சான்றிதழ் தரும். கம்பெனி அதை வாங்கித் தன் கணக்கில் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆலைக்கு வந்த பாட்டரியைத்தான் சான்றிதழ் காட்டும். வழியில் கள்ள உலைக்குப் போனதைக் காட்டாது. அதைத் தடுக்கக் கடையில் கழிக்கும் தொகை உயரவேண்டும். அந்தப் பணத்தைக் கம்பெனி போடுமா, புதுப் பாட்டரியின் விலையில் ஏற்றுமா என்பதே இப்போதைய கேள்வி.