மோகனூர் செய்த குற்றம் என்ன?

பெயரிலிருந்தே அதன் இடத்தைக் கணக்கிட்டு நேரே போய் எடுப்பது ஹாஷ் அட்டவணை. தமிழுக்கு அந்தக் கணக்கில் முதலெழுத்தே போதுமென்று நண்பர்கள் சிலர் இன்னமும் வாதிடுகிறார்கள். இரண்டு பெயர்கள் மோதினால் அடுத்த காலியிடத்தில் வைத்துவிட்டால் ஆயிற்றாம்.

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தை வைத்தே பார்ப்போம். அது 'மே'யில் அமர்கிறது. பின்னால் வரும் மேல்மருவத்தூர் 'மை'க்கு நகர்கிறது, மேல்மலையனூர் 'மொ'வுக்கு, மேல்விஷாரம் 'மோ'வுக்கு. கடைசியில் வருகிறது மோகனூர். நாமக்கல் பக்கத்து அந்த ஊருக்கும் 'மேல்' என்ற சொல்லுக்கும் என்ன உறவு? ஆயினும் தன் இடம் பறிபோய் 'மௌ'வில் ஒண்டிக்கொள்கிறது. திரள்தல் என்பது இதுதான்.

நீக்கும்போது நேர்வது இன்னும் கொடுமை. மேல்மலையனூரை அழித்து 'மொ'வை வெறுமையாக விட்டால், மேல்விஷாரத்தைத் தேடிவரும் நிரல் அங்கேயே நின்று, அப்படியோர் ஊரே இல்லை என்று சாதிக்கும். (இங்கே ஒன்று இருந்தது என்று அடையாளம் இட்டிருக்க வேண்டும். யார் இடுகிறார்கள்?)

அட்டவணையைப் பெரிதாக்கலாமே என்பார்கள். பத்தாயிரம் இடங்கள் இருந்தாலும் நான்கு 'மேல்'களும் ஒரே வாசலில்தான் வந்து நிற்கும். இடத்துக்கொரு சங்கிலி தொங்கவிட்டால் மோகனூர் தப்பும். 'மே'யின் சங்கிலியோ நீண்டுகொண்டே போகும். பெயர் முழுவதையும் கணக்கில் கொள்வதே முதல் மருந்து. அதன் பிறகும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் முறையை நான் நம்பமாட்டேன். 1963இல் டொனால்ட் க்னூத் போட்ட கணக்கின்படி, 90 விழுக்காடு நிரம்பிய அட்டவணையில் இல்லாத பெயரொன்றைத் தேடச் சராசரியாக 50 இடங்களைப் பார்க்க வேண்டும். தாவும் தொலைவையும் பெயரிலிருந்தே கணக்கிடும் இரட்டை ஹாஷ் முறையில் ஏறத்தாழ 10 போதும்.