கோப்புகள் யாருக்காகத் திறக்கின்றன? வாச்சாத்தி எழுப்பும் கேள்வி

2016 ஜனவரி 23 அன்று, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தொடர்பான 100 இரகசியக் கோப்புகள் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் மேற்கு வங்க அரசு 64 கோப்புகளை வெளியிட்டிருந்தது. விடுதலைக்குப் பின்னரும் போஸின் குடும்பத்தினரை உளவுத்துறை பல ஆண்டுகள் கண்காணித்தது என்பதைப் பழைய அரசு ஆவணங்களே வெளிக்கொணர்ந்தன. இம்முன்னுதாரணம் வரவேற்கத்தக்கது. ஆயினும், பெருந்தலைவர் ஒருவரின் குடும்பத்துக்குக் கிடைத்த உரிமை, அரசு வன்முறைக்கு ஆளான பழங்குடியினருக்கும் தலித்துகளுக்கும் எப்போது கிடைக்கும்?

ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. அதே சமூகத்தார் வாழும் வாச்சாத்தியில், சித்தேரி மலை அடிவாரத்தில், 1992 ஜூன் 20 அன்று வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்க ஆணையிட்டது.

கிராமத்துக்குள் புகுந்தவர்கள் யார் என்பது நிறுவப்பட்டுவிட்டது. தலைமைச் செயலகம் எதை, எப்போது அறிந்தது? அறிந்த பின்னரும் ஏன் மறுத்தது? இவற்றுக்கான விடையை உளவுப் பிரிவின் அறிக்கைகளிலும் துறைக் குறிப்புகளிலும்தான் தேட வேண்டும்.

சட்டம் இங்கே இரு முகம் காட்டுகிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், இரகசிய வகைப்பாடு இல்லாத, 25 ஆண்டுகள் கடந்த ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறக்கிறது. விதிமீறி ஆவணங்களை அழிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஆனால் அது மத்திய அரசின் ஆவணங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளின் ஆவணங்களுக்கும் உரியது. மாநிலக் காவல்துறையின் கோப்புகளைக் கட்டுப்படுத்தாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தமிழ்நாடு அரசு தன் உளவுப் பிரிவுகளுக்கு விலக்களித்துள்ளது. எனினும், ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களுக்கு அவ்விலக்குப் பொருந்தாது என அதே பிரிவு கூறுகிறது. மனித உரிமை மீறல் குறித்த தகவலை மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலுடன் 45 நாட்களுக்குள் வழங்க வேண்டும். நாம் தட்ட வேண்டிய கதவு இதுவே.

உளவுக் கோப்பு வேதவாக்கன்று. அது அரசின் பார்வை. தகவலாளிகளின் வதந்தியும் அதில் கலந்திருக்கும். பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளம் மறைக்கப்பட்டே அது வெளிவர வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவு நிறுவனத்தின் கோப்புகளை, கண்காணிக்கப்பட்ட மக்களே 1992 ஜனவரி முதல் படிக்கத் தொடங்கினர். மூன்றாம் தரப்பினரின் தனியுரிமையைக் காத்தபடியே அது சாத்தியமாயிற்று.

ஆகவே கோரிக்கைகள் மூன்று: மாநில ஆவணங்களுக்கும் காலவரையறையுடன் கூடிய வெளியீட்டுச் சட்டம், வன்கொடுமை தொடர்பான கோப்புகளை அழிப்பதற்குத் தடை, பாதிக்கப்பட்டோருக்கு முதலில் படிக்கும் உரிமை. சட்டம் வரும்வரை மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் 24ஆம் பிரிவின் விதிவிலக்கைச் சுட்டி விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால், அம்மறுப்பும் மேல்முறையீட்டுக்கான ஆவணமாகும்.