தொழ வந்தோம் என்று சொன்னவர்கள்

உம்ராவை நிறைவேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நான்கு நாள் இஸ்தான்பூலைப் பார்த்துவருவது இப்போது நம் குடும்பங்களில் பரவிவரும் வழக்கம். சென்ற ஆண்டு நாமும் அத்தகைய ஒரு குழுவில் வழிகாட்டும் ஆலிமாகச் சென்றோம். சென்றவர்கள் நாற்பது பேர். அங்கே நடந்ததை எழுத வேண்டாம் என்று சிலர் தடுத்தனர். குற்றவாளிகளில் நாமே முதல்வர் என்பதால் எழுதுகிறோம்.

ஆயா சோபியாவின் வரலாறு பலரும் அறிந்ததே. 537இல் தேவாலயமாக எழுந்தது, 1453இல் பள்ளிவாசலானது, 1934இல் எடுக்கப்பட்ட அரசு முடிவால் அருங்காட்சியகமாயிற்று, 2020 ஜூலையில் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டவர் 25 யூரோ செலுத்தி மேல்மாடத்திற்குச் செல்ல வேண்டும். தொழ வருவோருக்குத் தரைத்தளத்தில் கட்டணம் இல்லை.

வாயிலில் நின்ற காவலர், தாடியும் தொப்பியுமாக முன்னே நின்ற நம்மிடம்தான் கேட்டார். “ஆம், தொழ வந்திருக்கிறோம்” என்று குழு முழுமைக்கும் சேர்த்து நாமே பதில் சொன்னோம். உள்ளே சென்ற நாற்பது பேரில் இரண்டு ரக்அத் தொழுதவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி குவிமாடத்தின் கீழ் இடம் தேடினர். தொழுதுகொண்டிருந்தவர்களின் முன்னாலேயே நடந்தவர்களும் உண்டு.

வெளியே வந்தபோது ஒரு சிறுவன் தன் தந்தையிடம் கேட்டான்: “அத்தா, ஹஜ்ரத் தொழ வந்தோம்னுதானே சொன்னாங்க? நாம தொழலையே!” “பேசாம வா” என்றார் தந்தை. அந்தப் பிள்ளையின் கேள்வி நம்மை நோக்கியது. நம் நாவிலிருந்து வந்த வாக்கை நம் குழுவே பொய்யாக்கியது. அதைக் கண்டும் நாம் வாய்மூடி நின்றோம்.

எண்ணத்தைக் கொண்டே செயல் மதிக்கப்படும் என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். இங்கே எண்ணம் பார்ப்பது, வாய் சொன்னது தொழுகை, மிச்சமானது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை. பார்க்க வந்தவர் பணம் கொடுத்துப் பார்ப்பதில் எந்த இழிவும் இல்லை. தொழுகையின் பெயரைச் சொல்லிக் கட்டணத்தைத் தவிர்த்தவர் பிறர் உரிமையை எடுத்துக்கொண்டவர் என்றே நாம் கருதுகிறோம்.

“பூமியில் பயணம் செய்யுமாறு இறைமறையே சொல்கிறதே, ஹஜ்ரத்! பார்ப்பதும் இபாதத்தானே?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். உண்மைதான், பயணத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறவே அந்தக் கட்டளை. நாம் எதைக் கண்டோம்?

சுலைமானிய்யா பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். 1550 முதல் 1557 வரை எழுப்பப்பட்டது. அதனைச் சுற்றி மத்ரஸாக்கள், மருத்துவமனை, மருத்துவக் கல்விக்கூடம், ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் உணவளித்த சமையற்கூடம் என ஒரு வக்ஃபின் முழு உலகமே அமைந்திருந்தது. இவற்றையெல்லாம் கட்டிய சினான், வளாகத்துச் சுவருக்கு வெளியே ஒரு தெருமுனையில் சிறு கல்லறையில் உறங்குகிறார். நம் குழு அதைக் கடந்துதான் சென்றது, ஒருவரும் நிற்கவில்லை. பின்புறத் தோட்டத்திலிருந்து போஸ்பரஸ் நீரிணை அழகாகத் தெரியும் என்று அனைவரும் விரைந்தனர். நம் மஹல்லாவின் வக்ஃப் கடை வாடகை எங்கே போகிறது, அதிலிருந்து ஒரு வழிப்போக்கருக்கு ஒருவேளை உணவு கிடைக்கிறதா என்ற கேள்வியோடு ஊர் திரும்பியிருக்க வேண்டியவர்கள், நூற்றுக்கணக்கான நிழற்படங்களோடு திரும்பினோம்.

அதே தோட்டத்தில் நிற்கும்போதுதான் லுஹருக்கு இகாமத் சொல்லப்பட்டது. “நாம் முஸாஃபிர்கள், விடுதிக்குப் போய் அஸரோடு ஜம்உ செய்துகொள்ளலாம்” என்றனர் பலர். பயணிக்கு ஜம்உ என்பது ஷாஃபிஈ மத்ஹபில் உள்ள சலுகை. அதை நாம் மறுக்கவில்லை. ஹனஃபி மத்ஹபிலோ ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி ஜம்உ இல்லை. ஆனால் அன்று ஹனஃபிகளும் திடீரென ஷாஃபிஈகளாகிவிட்டனர்! உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் கஸ்ர் செய்ய முடியாது, நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும் என்பதே சிலருக்குச் சுமையாயிற்று. நெருக்கடியில் இருப்பவருக்கு அருளப்பட்ட ரஹ்மத், பள்ளிவாசல் முற்றத்தில் படமெடுக்க அவகாசம் தருவதற்காகவா?

இதே நகரில்தான் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். மதீனாவில் அண்ணலாரைத் தம் இல்லத்தில் தங்கவைத்த அந்த ஸஹாபி, தள்ளாத முதுமையில் இவ்வளவு தொலைவு பயணித்து வந்தார்கள். எதற்காக வந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனிச் செல்வோரிடம் நாம் வேண்டுவது மிகக் கடினமானதன்று. அன்றைய பயணத் திட்டத்தைத் தொழுகை நேரங்களைக் கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள். குழுவை அழைத்துச் செல்லும் நிறுவனத்திடம் அதை முன்னரே கேட்டு வாங்குங்கள். தொழ வந்தோம் என்று சொல்லி நுழைந்தால் தொழுங்கள். பார்க்க மட்டுமே விருப்பமென்றால் சீட்டு வாங்குங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். குவிமாடத்தின் உயரம் அவர்களுக்கு மறந்துபோகும். வாயிலில் பெரியவர்கள் சொன்னதும், உள்ளே செய்ததும் மறக்காது.

அந்தச் சிறுவனை ஊர் திரும்பிய பின் அழைத்து, “நீ கேட்டதே சரி, தவறு எங்களுடையது” என்று சொன்னோம். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்த வாயில். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.